மாணவரை ஆய்வுக்கு அழைக்கும் ஆசிரியர்களுக்கு

மருத்துவமும் செவிலியமும் மருந்தியலும் இயன்முறை மருத்துவமும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே, உங்கள் துறையில் இந்த வாரமும் ஏதோ ஓர் ஆய்வு நடந்துகொண்டிருக்கும். அதற்காக வார்டு வார்டாகப் போய்ப் படிவம் நிரப்புபவர் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கும் மாணவியாக இருக்கக்கூடும். அந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று அவருக்குத் தெரியுமா? அவர் திரட்டிய எண்கள் யாருடைய கணினியில் போய்ச் சேர்கின்றன என்று தெரியுமா? கட்டுரை வெளிவரும்போது அதில் அவர் பெயர் இருக்குமா என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? மூன்றுக்கும் இல்லை என்பதே பதிலானால், படிவங்களைக் கீழே வைக்கச் சொல்லி அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். மீதி வேலை ஒரு நாள் தாமதமானால் குடிமுழுகிவிடாது.

அவசரம் காட்டக் காரணம் இருக்கிறது. இளநிலை மாணவர் உங்களிடம் இருப்பது சில ஆண்டுகளே. எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, அதன் பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பணி. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இதில் தேர்வு, போஸ்டிங், ரெக்கார்டு எல்லாம் போக ஆய்வுக்குக் கிடைப்பது சில மாதங்கள்தான். அந்தச் சில மாதங்களில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம்தான் ஆய்வு என்றால் என்ன என்று அவருக்குக் கற்றுத் தருகிறது. உண்மையைத் தேடும் வேலை என்று கற்கலாம். மேலே இருப்பவருக்குப் பதவி உயர்வு வாங்கித் தரும் வேலை என்றும் கற்கலாம். எதைக் கற்றாரோ அதையே பத்து ஆண்டு கழித்துத் தன் மாணவரிடம் செய்வார்.

மாணவரைச் சமமாக நடத்திய ஆசிரியர்கள் என்ன பெற்றார்கள் என்று பாருங்கள். 1906இன் கோடைக்காலம். லண்டனின் உடற்கூற்றியல் அறிஞர் ஆர்தர் கீத், கென்ட் பகுதியில் உள்ள தன் கிராமத்து வீட்டில், மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவரோடு விலங்குகளின் இதயங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நாள் கீத் தன் மனைவியுடன் சைக்கிளில் வெளியே போய்த் திரும்பியபோது, வீட்டில் நுண்ணோக்கியோடு இருந்த ஃப்ளாக், அகழெலி ஒன்றின் இதயத்தில் வலது மேலறையில் தான் கண்ட விசித்திரமான திசுவை அவருக்குக் காட்டினார். இதயத் துடிப்பு பிறக்கும் இடமான சைனஸ் கணு அதுதான். 1907இல் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. அந்தக் கணுவையே கீத்-ஃப்ளாக் கணு என்று நெடுங்காலம் அழைத்தார்கள். நுண்ணோக்கியின் முன் மாணவரைத் தனியே விட்டுப் போக கீத்துக்கு மனம் வந்தது. மாணவர் கண்டதை மாணவர் கண்டதாகவே சொல்லவும் மனம் வந்தது. இந்த இரண்டும்தான் உங்களிடமும் கேட்கப்படுகின்றன.

இன்சுலின் கதை உங்கள் வகுப்பிலேயே சொல்லப்படுவது. 1921இல் டொரான்டோவில் ஃப்ரெடரிக் பான்டிங்கோடு வேலை செய்த சார்லஸ் பெஸ்டுக்கு 22 வயது. இளங்கலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் பேராசிரியர் மெக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்ட் விடுபட்டதில் கொதித்துப்போன பான்டிங், தன் பங்குப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுப்பதாக உடனே அறிவித்தார். பரிசுக் குழுவின் பட்டியலை அவரால் மாற்ற முடியவில்லை. தன் கையில் இருந்ததைப் பகிர முடிந்தது, பகிர்ந்தார். உங்கள் கையில் நோபல் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆத்தர் வரிசை இருக்கிறது.

யார் பங்கு எது என்று பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹெப்பாரின் சாட்சி. ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வில்லியம் ஹோவெல் கொடுத்த வேலை, இரத்தத்தை உறைய வைக்கும் பொருளைப் பற்றியது. அவருக்கு ஈரலிலிருந்து கிடைத்ததோ இரத்தம் உறைவதைத் தடுக்கும் சாறு. 1916இல் தன் பெயரில் கட்டுரை எழுதினார். ஹோவெல் அந்த வேலையை வேறொரு மாணவரோடு தொடர்ந்தார், 1918இல் ஹெப்பாரின் என்ற பெயரைச் சூட்டினார். யார் கண்டுபிடித்தது என்ற வழக்கு 1957இல் மெக்லீன் இறந்த பிறகும் ஓயவில்லை. இருவரில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடை போடுகிறார்கள். யார் எதைச் செய்தார் என்று தொடக்கத்திலேயே இருவரும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் இத்தனை ஆண்டுக் கசப்புக்கு இடம் ஏது?

நம் நாட்டு நிலைக்கு வருவோம். 2005 முதல் 2014 வரை இந்திய மருத்துவக் கல்வி நிறுவனங்கள் வெளியிட்ட ஆய்வுகளைக் கணக்கிட்ட ஒரு கட்டுரை 2016இல் வந்தது. கணக்கில் எடுத்த 579 நிறுவனங்களில் ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் தந்தவை 25 மட்டும். 332 நிறுவனங்களிலிருந்து அந்தப் பத்தாண்டில் ஒரு கட்டுரைகூட வரவில்லை. இத்தனை நோயாளிகளும் இத்தனை மாணவர்களும் இருந்தும் கேள்வி கேட்கும் பழக்கம் வேர்விடவில்லை. அந்தப் பத்தாண்டுக்குப் பிறகு பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி இறுகியது, ஆத்தர் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதும் கணக்கில் வந்தது. விதியின் நோக்கம் நல்லதே. ஆனால் பட்டியலில் முன்னிடம் பிடிக்க ஆசிரியர்கள் முண்டியடிக்கும்போது முதலில் கீழே தள்ளப்படுபவர், எதிர்த்துப் பேச முடியாத இளநிலை மாணவர். நாற்று நட்டவரை அறுவடை நாளில் வரப்பில் நிறுத்திவைக்கும் வேலை இது.

யார் பெயர் வரலாம், யார் பெயர் வரக்கூடாது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவு திரட்டுவதிலோ, அலசிப் பொருள் காண்பதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது கருத்தளவில் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ஆய்வு முழுவதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட வேண்டும். நான்கும் சேர்ந்து பொருந்தினால்தான் ஆத்தர். துறைத் தலைவர் என்பதற்காகவோ பொதுவாக மேற்பார்வை செய்தார் என்பதற்காகவோ நிதி வாங்கித் தந்தார் என்பதற்காகவோ மட்டும் பெயர் போட இந்த நெறியில் இடமில்லை.

இங்கே ஒரு சூழ்ச்சியும் ஒளிந்திருக்கிறது, அதில் விழாதீர்கள். தரவு முழுவதையும் மாணவரிடம் வாங்கிக்கொண்டு, கட்டுரை எழுதும் கட்டத்தில் அவரைக் கூப்பிடாமல் விட்டுவிட்டு, "எழுதுவதில் பங்கு இல்லையே, நெறிப்படி பெயர் போட முடியாது" என்று சொல்வது நெறியையே திருட்டுக்குக் கருவியாக்குவது. முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு மற்ற மூன்றையும் நிறைவேற்ற வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதே நெறி சொல்கிறது. எனவே வரைவை அவரிடம் கொடுங்கள். அவருடைய ஆங்கிலம் தடுமாறினால் திருத்திக் கொடுங்கள். திருத்துவதுதானே ஆசிரியர் வேலை?

மாணவர் பங்கு என்பது கால்நடையாகப் போய் எண் எடுத்து வருவதோடு முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். நோயாளியும் உடனிருப்பவரும் உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்கிறார்கள். ரவுண்ட்ஸில் நீங்கள் கட்டிலருகே நிற்கும் நேரம் கொஞ்சம். மாணவர் மத்தியானம் முழுக்க அங்கேயே நிற்கிறார். கொடுத்த மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்த பாட்டியை இரவுப் பணியில் இருக்கும் செவிலிய மாணவி பார்த்திருப்பார். பக்கவாதம் வந்தவர் மூன்றாவது வாரம் ஏன் பயிற்சிக்கு வரவில்லை, பஸ்ஸில் ஏற்றிவிட வீட்டில் ஆள் இல்லாததாலா என்பது இயன்முறை மாணவருக்குத் தெரிந்திருக்கும். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் இப்போது முதலாண்டிலிருந்தே கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்ப் பார்த்து வருகிறார்கள். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்த மாத்திரை வாய்க்குள் போகிறதா, போகாவிட்டால் ஏன் என்று அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கக்கூடியவர் யார்? அந்தக் கேள்வியை மாணவரே எழுப்பட்டும். ஊசி குத்திக்கொள்ளும் விபத்து, காசநோய் வார்டில் நிற்கும் ஆபத்து, விடுதியில் உறக்கம் கெடுவது போன்றவற்றில் உங்களைவிட அவர்களே அறிந்தவர்கள். அங்கே கேள்வித்தாளின் முதல் வரியை எழுதும் உரிமை அவர்களுடையது.

மாணவரால் இவ்வளவு முடியுமா என்று தயங்குகிறவர்கள் இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே மருத்துவ மாணவர்கள் 2013இல் ஸ்டார்சர்ஜ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் வலி நிவாரணிகள் பற்றிய அவர்களுடைய முதல் ஆய்வு நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் நடந்து அடுத்த ஆண்டே இதழில் வந்தது. தரவு திரட்டிய மாணவர்களின் பெயர்களைக் கூட்டாய்வாளர்களாகப் பதிவு செய்யும் ஏற்பாட்டையும் அவர்கள் வழக்கமாக்கினார்கள். எண்ணிக்கை அதிகம் என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை.

நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் இளநிலை மருத்துவ மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தந்து வருகிறது. எஸ்.டி.எஸ். என்று விடுதிகளில் சொல்வார்கள். ஒரு கைடின் துணையோடு மாணவர் சொந்தமாக ஆய்வு முன்மொழிவு எழுதி இரண்டு மாதம் வேலை செய்ய வேண்டும். இதில் கைடே முன்மொழிவை எழுதி மாணவர் பெயரில் அனுப்புவதும், போன ஆண்டின் முன்மொழிவில் ஊர்ப் பெயரை மாற்றி அனுப்புவதும் மாணவருக்குச் செய்யும் உதவி ஆகாது. பொய் சொல்லிப் பணம் வாங்கும் பயிற்சியை அவருக்குத் தருகிறீர்கள். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனம் நடத்தும் ஆய்வு அடிப்படைப் பாடத்தை உங்களில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் கட்டாயமாக முடித்திருப்பீர்கள். அதில் கற்றதை மாணவருக்குச் சில மாலைகளில் சொல்லிக்கொடுங்கள். முன்மொழிவை அவரே எழுதட்டும். மூன்று முறை சொதப்பினாலும் நான்காவது முறை அவருடையதாக இருக்கும்.

இனி, செய்ய வேண்டியவை. ஆய்வைத் தொடங்குமுன் ஒரு பக்க உடன்பாடு எழுதுங்கள். கேள்வி என்ன, யார் எந்த வேலை, ஆத்தர் வரிசை எப்படி, வேலைப் பங்கு மாறினால் வரிசையை எப்போது திரும்பப் பேசுவது, தரவு யாரிடம் இருக்கும், மாணவர் படிப்பு முடிந்து போனபின் கட்டுரை வந்தால் எப்படித் தொடர்புகொள்வது, பிணக்கு வந்தால் யாரிடம் முறையிடுவது ஆகிய ஏழுக்கும் அதில் விடை வேண்டும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதும் என்று சொல்லாதீர்கள். வாய்ப்பேச்சு மறந்துபோனால் நட்டம் எப்போதும் இளையவருக்குத்தான்.

அச்சத்தை அகற்றுங்கள். சார், மேடம் என்று அழைப்பதை விடச் சொல்லவில்லை; அந்த மரியாதையால் ஆய்வு கெடுவதில்லை. "சார், இந்த அட்டவணையில் கூட்டல் தவறு" என்று சொன்னவருக்கு இன்டர்னல் மார்க் குறையும்போதுதான் கெடுகிறது. ஆகவே ஆய்வில் உங்களோடு இருக்கும் மாணவரின் உள்மதிப்பீட்டை இன்னோர் ஆசிரியர் கையில் கொடுங்கள். ஆய்விலிருந்து விலக விரும்பினால் காரணம் கேட்டு வதைக்காமல் விடுங்கள். உங்கள் கேள்வித்தாளை வகுப்பில் கொடுத்து அங்கேயே நிரப்பித் தரச் சொல்வதையும் நிறுத்துங்கள். மருத்துவ ஆய்வுக்கான 2017இன் தேசிய நெறிமுறைகள் மாணவர்களை, மறுக்கத் தயங்கும் நிலையில் உள்ளவர்களாகக் கருதிப் பாதுகாக்கச் சொல்கின்றன. அட்டெண்டன்ஸ் கையில் வைத்திருப்பவர் கேட்கும் சம்மதம் எப்படிச் சம்மதமாகும்?

கெடுவை இறுக்கிப் பொய்யை விளைவிக்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு படிவம் என்று திங்கட்கிழமை ஆணையிட்டால் அதில் பாதி விடுதி அறையில் நிரம்பும். 120/80 என்று இரத்த அழுத்தம் வரிசையாக வந்து நிற்கும். அந்த எண்களை நம்பி எங்கோ ஒரு மருத்துவர் மருந்தின் அளவை முடிவு செய்வார். பொய் எழுதிய கை மாணவருடையது. எழுத வைத்த வாய் யாருடையது? நாற்பது பேரிடம்தான் உண்மையாகக் கேட்க முடிந்தது என்றால் நாற்பது போதும். எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதற்காக மாணவரைக் குறை சொல்லாதீர்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வருமுன் மாணவரை நோயாளியிடம் அனுப்பாதீர்கள். அனுப்பும்போது, நோயாளிக்குப் புரியும் தமிழில் விளக்கவும், வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் திரும்பவும் முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். மாணவரின் உடல் நலமும் உங்கள் பொறுப்பே. பெரு நாட்டில் டேனியல் கரியோன் என்ற மருத்துவ மாணவர் 1885இல் ஒரு நோயின் போக்கை அறியத் தன் உடம்பிலேயே அதைச் செலுத்திக்கொண்டு, சில வாரங்களில் இறந்தார். அந்த நாடு அவர் இறந்த அக்டோபர் 5ஐ மருத்துவ நாளாகப் போற்றுகிறது. போற்றலாம், ஆனால் இளையவரின் ஆர்வம் எல்லை தாண்டும்போது தடுத்து நிறுத்துவது மூத்தவர் கடமை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாத மாணவரை இரத்த மாதிரி எடுக்க அனுப்பாதீர்கள். இருட்டிய பின் தனியே கள ஆய்வுக்கு அனுப்பாதீர்கள்.

யாரை அழைக்கிறீர்கள் என்பதும் அறம் சார்ந்ததே. முதல் மதிப்பெண்காரர், சரளமாக ஆங்கிலம் பேசுபவர், மருத்துவர் வீட்டுப் பிள்ளை என்று மூவரோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் வந்திருக்கிறார்கள். ஆய்வு அறிவிப்பைத் துறைக் கதவில் ஒட்டினால் அவர்கள் வர மாட்டார்கள். அது தங்களுக்கானது என்றே நினைக்க மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பஸ் கட்டணம், ஜெராக்ஸ் செலவு, மதியச் சாப்பாடு இவற்றை நீங்களோ கல்லூரியோ கொடுங்கள். கட்டுரை வெளியிடும் கட்டணத்தை மாணவர்கள் தலையில் கட்டாதீர்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் போலி இதழ்களின் வாசலை அவர்களுக்குக் காட்டவே காட்டாதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் சொல்ல இருக்கிறது. உரிமை கேட்பவர் உழைப்பையும் காட்ட வேண்டும். முதுநிலை இடத்துக்கு உதவும் என்று செய்யாத வேலையில் பெயரைச் செருகச் சொல்லாதீர்கள். நண்பனுக்காகவும் கேட்காதீர்கள். ஒப்புக்கொண்ட வேலையைத் தேர்வு நெருங்கியதும் சொல்லாமல் கைவிடாதீர்கள். முடியவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பார்க்காத நோயாளியின் படிவத்தை ஒருபோதும் நிரப்பாதீர்கள், கைடே சொன்னாலும் நிரப்பாதீர்கள். நோயாளியின் பெயர் தெரியும் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். செய்த வேலையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை பேச்சு வந்தால் அந்த நோட்டு பேசும்.

கல்லூரி முதல்வர்களே, நிர்வாகிகளே, தனி மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. உங்கள் நெறிமுறைக் குழுவுக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மாணவர் பங்கு என்ன, அவர் பெயர் வருமா என்ற இரண்டு வினாக்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். உடன்பாட்டுத் தாளின் படியை இணைக்காத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். முறையிட ஒருவரை நியமியுங்கள், அவர் அந்தத் துறைக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். இதற்குப் புதுக் கட்டடமோ நிதி ஒதுக்கீடோ வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆசிரியர்களே, எல்லாவற்றையும் அடுத்த கல்வியாண்டில் தொடங்கலாம் என்று ஒத்திவைக்காதீர்கள். இதழுக்கு அனுப்பத் தயாராக இப்போது உங்கள் மேசையில் ஒரு கட்டுரை இருக்குமானால் அதன் ஆத்தர் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்த வேலையை எழுதுங்கள். வேலை செய்தும் பட்டியலில் இல்லாதவர் பெயரைச் சேர்த்து, அவரிடம் வரைவைக் கொடுத்து, படித்துத் திருத்தம் சொல்லக் காலம் கொடுங்கள். எதிரே எழுத ஒன்றுமில்லாத பெயரை அடித்துவிடுங்கள், அது துறைத் தலைவர் பெயராக இருந்தாலும், உங்கள் பெயராகவே இருந்தாலும்.